ஆறு சென்ட் சிப்பியும் ஒரு நகரத்தின் சாக்கடையும்

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் 1913 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் கீழ்த்தளத்தில் அதே ஆண்டு தொடங்கிய ஆய்ஸ்டர் பார் இன்றும் நடக்கிறது. குவாஸ்டவினோ ஓடு வேய்ந்த வளைவுக் கூரை, நீளமான கவுன்டர், அதன் மறுபுறம் நீராவிக் கலயங்களில் பால் ஊற்றிக் கொதிக்கும் சிப்பிச் சாறு, ரயிலுக்கு நேரம் பார்த்தபடி அவசரமாகச் சாப்பிடும் கூட்டம் என்று எல்லாமே சாதாரண மனிதர்களுக்கான கடையின் அடையாளங்கள். ஆனால் விலைப்பட்டியல் வேறு கதை சொல்லும். பனிக்கட்டிமேல் வைத்துத் தரும் பச்சைச் சிப்பி ஒன்றுக்கே மூன்று நான்கு டாலர் ஆகும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது வந்த இடத்தின் பெயர் இருக்கும்: மாசசூசெட்ஸ், மெய்ன், கனடாவின் கிழக்குக் கரை, பசிபிக் கரை. அந்தக் கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் நியூயார்க் துறைமுகத்தின் சிப்பி மட்டும் அதில் இருக்காது. கவுன்டரும் அவசரமும் கூச்சமில்லாத உட்காரலும் பழைய சிப்பிக்கடையிலிருந்து வந்தவை. அந்தப் பழக்கங்களைச் சாத்தியமாக்கிய மலிவு வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதுதான் இங்கே கேள்வி. நாக்கின் ருசி மாறிவிட்டது, மீனவர்கள் பேராசையில் கடலை வழித்துவிட்டார்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் பாதி உண்மைதான். நியூயார்க்கின் சிப்பிக்கடையை ஏழையின் கடையாக வைத்திருந்தது, தெரு முடியும் இடத்திலேயே சிப்பி விளைந்த தண்ணீர். அதை ஏழையிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த நகரம் கட்டிய சாக்கடை.

முத்துச் சிப்பியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது உண்ணும் சிப்பி. அமெரிக்கக் கிழக்குக் கரையில் கிடைப்பதற்கு கிராஸோஸ்ட்ரியா வர்ஜினிகா என்று அறிவியல் பெயர். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் ஆழமில்லாத கழிமுகம்தான் அதற்குப் பிடித்த இடம். ஹட்சன் ஆறு கடலில் சேரும் நியூயார்க் துறைமுகம் அப்படிப்பட்ட இடம்; ஐரோப்பியர் வருமுன் அங்கே 2,20,000 ஏக்கர் அளவுக்குச் சிப்பிப் படுகைகள் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். பூர்வகுடிகளான லெனாப்பே மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தின்று போட்ட ஓடுகள் ஹட்சன் கரையெங்கும் மேடுகளாகக் கிடந்தன. பிறகு வந்த டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சிப்பியைத் தின்றதோடு ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடும் கட்டினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் கட்டிய சுவர்களைத் தமிழ்க் கடற்கரையில் பார்த்தவர்களுக்கு அதில் புதுமை எதுவும் தெரியாது. இவ்வளவு கிடைத்தும் 1715-இலேயே ஒரு காப்புச் சட்டம் தேவைப்பட்டது. மே முதல் செப்டம்பர் வரை சிப்பி எடுக்கக் கூடாது என்றது அது. அடிமைகள் நகரத்துக்குள் எப்போதுமே சிப்பி விற்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. படகும் கையும் இருந்தால் எவரும் இறங்கிவிடக்கூடிய தொழில் என்பதால், யார் இறங்கலாம் என்பதையும் அரசு தீர்மானிக்கப் பார்த்தது. அந்த வகையில் சட்டம் தோற்றுப்போனது என்றே சொல்ல வேண்டும். நூறாண்டு கழித்து நியூயார்க்கின் சிப்பிக்கடைகளில் பெரும் பகுதியை நடத்தியவர்கள் சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவர்கள்.

அந்தக் கடைகள் பெரும்பாலும் நிலவறைகள். தெருவிலிருந்து சில படி இறங்கினால் ஒரு கவுன்டர், சில மேசைகள், திரை போட்ட சிறு அறைகள் இருக்கும். வாசலில் கம்பிக் கூட்டின்மேல் சிவப்பு மஸ்லின் துணியைச் சுற்றி உள்ளே விளக்கேற்றித் தொங்கவிட்டிருப்பார்கள்; இரவில் அந்தச் சிவப்பு உருண்டைதான் பெயர்ப்பலகை. 1842-இல் அமெரிக்கா வந்த சார்லஸ் டிக்கன்ஸ் தன் பயண நூலில் இந்த நிலவறைகளைக் குறிப்பிட்டிருக்கிறார். அவற்றில் புகழ்பெற்றது கனால் தெரு ஏற்பாடு: ஆறு சென்ட் கொடுத்தால் வயிறு கொள்ளும் மட்டும் சிப்பி. ஆறு சென்ட்டில் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். அளவுக்கு மீறித் தின்பவனின் தட்டில் கெட்டுப்போன சிப்பி ஒன்றைச் சேர்த்து வைத்துவிடுவார்கள் என்று அந்தக் காலத்துக் கதை ஒன்று உண்டு. அது உண்மையோ இல்லையோ, கணக்கு அதில் இல்லை. சிப்பிக்குப் பல நாள் பயணம் இல்லை, பனிக்கட்டி இல்லை, இடைத்தரகர் அதிகமில்லை. ஓடு மூடியபடி உயிரோடு வரும் பண்டம் என்பதால் இரண்டு மூன்று நாள் விற்காமல் கிடந்தாலும் நட்டமில்லை. சமையலும் அதிகம் இல்லை, ஒரு கத்தியும் பழகிய ஒரு கையும் போதும். மான்ஹாட்டன் கரையில் கட்டி மிதந்த சிப்பித் தோணிகளிலிருந்து கடைக்குத் தள்ளுவண்டித் தூரம்தான். கூலிக்காரனும் வங்கி எழுத்தரும் நாடகம் விட்டு வந்தவர்களும் ஒரே கவுன்டரில் முழங்கை இடித்தது மனப் பெருந்தன்மையால் அல்ல. பண்டத்தின் விலையில் தரம் பிரிக்க இடமே இருக்கவில்லை.

தாமஸ் டவுனிங்கைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. 1791-இல் வர்ஜீனியாவின் சிங்கோட்டீக் தீவில், விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். 1819-இல் நியூயார்க் வந்து, சில ஆண்டு தானே படகில் போய்ச் சிப்பி எடுத்து விற்று, 1825-இல் வால் ஸ்ட்ரீட்டுக்கு அருகே பிராட் தெரு 5-ஆம் எண்ணில் கடை போட்டார். சரவிளக்கு, கம்பளம், ஜன்னல் திரை, சிப்பி அடைத்து வேகவைத்த வான்கோழி என்று வங்கியாளரும் சுங்க அதிகாரிகளும் மனைவியரோடு வரும் இடமாக அது ஆயிற்று. 1842-இல் டிக்கன்ஸுக்கு நகரம் நடத்திய பெரு விருந்துக்குச் சாப்பாடு அவருடையது. விக்டோரியா அரசிக்குச் சிப்பி அனுப்பிப் பதிலுக்குத் தங்கக் கடிகாரம் பெற்றார். அப்படியானால் சிப்பி அப்போதே செல்வர் உணவுதானே என்பது மறுப்பு. எனக்கு இது எதிர்த் திசையில் போகும் சான்றாகவே படுகிறது. எல்லாத் தெருமுனையிலும் ஆறு சென்ட்டுக்குக் கிடைக்கும் ஒன்றைச் செல்வருக்கு விற்க வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. சரவிளக்கின் அவசியமே அதுதான். சிப்பிக்குத் தன்னளவில் கௌரவம் இருந்திருந்தால் கம்பளம் வேண்டியிருக்காது. இன்று மரப்பலகையும் சிமென்ட் தரையும் போட்ட கடையில் அதையே எவ்வளவு விலைக்கும் விற்க முடிகிறது. டவுனிங்கின் சரக்கும் மற்றவர்கள் சரக்கு வந்த அதே தண்ணீரிலிருந்துதான் வந்தது. இரவில் தானே படகேறிப் போய், கரைக்கு வரும் தோணிகளை நடுவழியில் மறித்து நல்லவற்றைப் பொறுக்கி வாங்குவாராம். பிறகு கரைக்குத் திரும்பி, மிச்சச் சரக்கு ஏலத்தில் விலையை ஏற்றிவிட்டுத் தோணிக்காரர்களின் நட்பையும் காப்பாற்றிக்கொள்வாராம். கடையின் நிலவறையில் தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளுக்கு ஒளிவிடம் தந்தவர் என்பதும் அவர் வரலாற்றில் சேர்ந்தது. கறுப்பினத்தவருக்குக் குடியுரிமை தந்த சட்டம் 1866 ஏப்ரல் 9-இல் நிறைவேறியது. அவர் இறந்தது ஏப்ரல் 10-இல். அவருக்காக வணிகர் மன்றம் கதவடைத்தது.

அளவுக்கு மீறி வாரியதால்தான் சிப்பி அழிந்தது என்ற வாதம் இதைவிட வலுவானது. லண்டனுக்கு அது பொருந்தவும் செய்யும். 1836-இல் வெளிவரத் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் சாம் வெல்லர் வறுமையையும் சிப்பியையும் இணைத்துப் பேசுகிறான். அதன்பின் ஒரு தலைமுறைக்குள் இங்கிலாந்தின் இயற்கைப் படுகைகள் வறண்டு, சிப்பி விலை ஏறிவிட்டது. நியூயார்க்கிலும் 1820-களிலேயே ஸ்டேட்டன் தீவைச் சுற்றிய இயற்கைப் படுகைகள் ஏறக்குறைய தீர்ந்துபோயின. ஆனால் அங்கே கதை அத்துடன் முடியவில்லை. செசபீக் விரிகுடாவிலிருந்து இளஞ்சிப்பியைக் கப்பலில் கொண்டுவந்து துறைமுகத் தரையில் விதைத்து, வளர்ந்தபின் எடுக்கும் முறை பரவியது. மேரிலாந்தில் கறுப்பினச் சிப்பிக்காரர்களை ஒடுக்கிய சட்டங்களால் வெறுத்துப்போய், அங்கிருந்த ஸ்நோ ஹில் ஊரைச் சேர்ந்த குடும்பங்கள் ஸ்டேட்டன் தீவின் சாண்டி கிரவுண்டில் குடியேறின. விதைத்து வளர்க்கும் இந்தத் தொழிலில் அவர்கள் நல்ல வீடு கட்டித் தேவாலயம் எழுப்பும் அளவுக்கு நிலைபெற்றார்கள். 1880-வாக்கில் நியூயார்க் படுகைகள் ஆண்டுக்கு 70 கோடிச் சிப்பி தந்தன என்று ஒரு கணக்கு சொல்கிறது. எண் முன்பின் இருக்கலாம். இயற்கைப் படுகை தீர்ந்து அறுபது ஆண்டுக்குப் பிறகும் அந்த அளவுக்கு விளைந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. செசபீக்கும் பின்னாளில் மெலிந்தது உண்மை. ஆனால் அதற்குள் கனெக்டிகட் கரையில் நீராவிக் கப்பல் வைத்துப் பெரிய அளவில் சிப்பி வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள், விதைக்குப் பஞ்சமில்லை. வாரித் தீர்த்ததை மறுபடி விதைத்து மீட்க நியூயார்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. கழிவு கலந்த தண்ணீரில் விதைத்தால் சிப்பி வளரத்தான் செய்யும். ஆனால் தின்ன முடியாது.

கழிவு எப்படி அங்கே வந்தது என்பதில்தான் இந்த வரலாற்றின் வேதனையான முடிச்சு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மான்ஹாட்டன் மக்கள் கிணற்று நீரையும் கொல்லைப்புறக் கழிப்பறைக் குழிகளையும் நம்பி வாழ்ந்தார்கள். காலரா மறுபடி மறுபடி வந்து ஆயிரக்கணக்கில் கொன்றது. 1842-இல் கிரோட்டன் கால்வாய் தொலைவிலிருந்து நல்ல நீரைக் கொண்டுவந்தது. குழாய் நீர் வந்த வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையும் வந்தது. 1849 காலராவுக்குப் பிறகு நகரம் மும்முரமாகச் சாக்கடைக் குழாய் பதித்தது. நிலத்தில் சாவு குறைந்தது. அதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது. அந்தக் குழாய்கள் காப்பாற்றிய உயிர்களில் சிப்பிக்கடைக்கு வரும் ஏழைகளே அதிகம். ஆனால் அந்தக் குழாய்கள் அத்தனையும், சுத்திகரிப்பு என்ற எண்ணமே இல்லாமல், பக்கத்து ஆற்றுக்கும் துறைமுகத்துக்கும் போய் முடிந்தன. குழியில் கிடந்தது கடலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். சிப்பியின் உடல் இயல்பு நிலைமையை இன்னும் மோசமாக்கியது. தண்ணீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்துகளை வடித்துத் தின்று, தெளிந்த நீரை வெளிவிட்டு வாழும் உயிர் அது. சூழல் ஒத்துவந்தால் வளர்ந்த சிப்பி ஒன்று நாளுக்கு 190 லிட்டர் வரை வடிக்கும். துறைமுகத்தை இத்தனை காலம் தெளிவாக வைத்திருந்த அதே வேலைதான் டைஃபாய்டு கிருமியைச் சேர்த்து வைத்தது. வேகவைத்தால் கிருமி சாகும். ஆனால் கவுன்டரில் நின்றபடி பச்சையாக விழுங்குவதுதானே அந்தக் கடையின் உயிர்.

முதல் தெளிவான எச்சரிக்கை 1894-இல் கனெக்டிகட்டின் மிடில்டவுன் ஊரிலிருந்து வந்தது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சில மாணவர் சங்கங்கள் ஒரே இரவில் விருந்து வைத்தன. பிறகு அவற்றைச் சேர்ந்தவர்கள் மட்டும் டைஃபாய்டில் விழ, சிலர் இறந்தனர். பேராசிரியர் ஹெர்பர்ட் கான் ஒவ்வொரு பண்டமாகக் கழித்துக்கொண்டே வந்து, பச்சைச் சிப்பி பரிமாறிய சங்கங்களில்தான் நோய் என்று காட்டினார். அந்தச் சிப்பி ஃபேர் ஹேவன் வணிகர் ஒருவரிடமிருந்து வந்தது. விற்குமுன் ஓரிரு நாள் ஆற்றின் உப்புக் குறைந்த நீரில் மிதக்கவிட்டால் சிப்பி ஊதிக் கொழுத்ததுபோல் தெரியும்; வணிகர்கள் பரவலாகச் செய்த தந்திரம் அது. மிதக்கவிட்ட இடத்துக்குச் சற்று மேலே ஒரு வீட்டின் கழிவுக்குழாய். அந்த வீட்டில் இரண்டு டைஃபாய்டு நோயாளிகள். எட்டு ஆண்டு கழித்து இங்கிலாந்தில் வின்செஸ்டர், சவுத்தாம்ப்டன் நகர மேயர் விருந்துகளில் இதேபோல் நடந்தது. எம்ஸ்வொர்த் சிப்பி தின்றவர்களில் வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குருவே இறந்துபோனார். எம்ஸ்வொர்த்தின் தொழில் அதோடு நொடித்தது. நியூயார்க்கில் 1906 முதல் 1914 வரை துறைமுகக் கழிவை ஆராய்ந்த ஆணையத்தில் முன்னின்றவர் ஜார்ஜ் சோப்பர். 'டைஃபாய்டு மேரி' எனப் பேர் வாங்கிய சமையல்காரி மேரி மாலனைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அந்த வழக்கில்கூட அவர் முதலில் சந்தேகப்பட்டது கரையில் விற்ற மட்டியைத்தான் என்பது, ஓடுடைய எதையும் அந்நாளில் எப்படிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள் என்பதற்கு நல்ல அடையாளம். 1910-களின் நடுவிலிருந்து சுகாதாரத் துறை படுகை படுகையாகத் தடை விதித்தது. 1921-இல் ஜமைக்கா விரிகுடா மூடப்பட்டது. 1924 குளிர்காலத்தில் சிகாகோ, நியூயார்க், வாஷிங்டன் மூன்றிலும் சுமார் 1,500 பேர் டைஃபாய்டில் விழுந்து 150 பேர் இறந்தனர். தடம் லாங் ஐலண்ட் சிப்பிக்குப் போனது. அதன் விளைவாக 1925-இல் நாடு தழுவிய சிப்பிச் சுகாதார விதிகள் பிறந்தன. 1927-இல் ராரிட்டன் விரிகுடாவில் எஞ்சியிருந்த கடைசிப் படுகையும் மூடப்பட்டது. இந்தத் தடைகளால் சாண்டி கிரவுண்டுக்காரர்கள் வேறு வேலை தேடிப் போயிருந்தார்கள். அவர்களின் வாடிய ஊரைப் பற்றி ஜோசப் மிட்செல் 1956-இல் எழுதிய கட்டுரை, அந்தத் தொழிலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த இரங்கல் குறிப்பு என்பேன்.

காலத்தைப் பார்த்தால், குற்றவாளி மதுவிலக்குதான் என்று ஒருவர் வாதிடலாம். 1920 முதல் 1933 வரை பீர் விற்க முடியாது. பீர் இல்லாமல் சிப்பிக்கடைக்கு யார் வருவார்கள்? இதைச் சோதிக்க நியூ ஆர்லியன்ஸ் போதும். அங்கும் அதே மதுவிலக்குதான் இருந்தது. ஆனால் 1910-இல் தொடங்கிய ஆக்மி போன்ற கடைகள் அதைத் தாண்டி வந்தன. பளிங்குக் கவுன்டரில் நின்றபடி சிப்பி தின்பதும், பொரித்த சிப்பியை நீள ரொட்டியில் வைத்து மதியச் சாப்பாடாகக் கட்டிக்கொண்டு போவதும் அந்த ஊரில் சாதாரண மனிதர்களின் பழக்கமாகவே நீடித்தன. காரணம், அந்த நகரத்தின் சிப்பி நகரத்தின் மடியில் விளையவில்லை. டால்மேஷியக் கரையிலிருந்து குடியேறியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பிளாக்மின்ஸ் பகுதியின் சதுப்புநிலக் குத்தகைகளில் வளர்த்தார்கள். நகரக் குழாய்களுக்கு எட்டாத தொலைவு, ஆனால் படகு அன்றைக்கே வந்துசேரும் அருகாமை. மதுவை எடுத்துவிட்டும் சிப்பிக்கடை பிழைத்தது. அருகாமையை எடுத்துவிட்ட நியூயார்க்கில்தான் அது உருமாறியது. மாட்டிறைச்சி மலிந்ததும் சிப்பி உடைப்பவரின் கூலி உயர்ந்ததும் விலையைப் பாதித்தன என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவை மெல்ல மெல்ல ஏற்றியிருக்கும். 1927-இல் நடந்தது ஏற்றம் அல்ல, அறுப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு சிப்பியும் தொலைவிலிருந்து பனியில் புதைந்து, எந்தப் படுகையில் எந்த நாளில் எடுத்தது என்ற சீட்டோடு வந்தாக வேண்டும். கிராண்ட் சென்ட்ரல் கடையே 1970-களின் தொடக்கத்தில் மூடிக் கிடந்து, 1974-இல் ஜெரோம் பிராடி எடுத்து நடத்தத் தொடங்கியபின்தான் மீண்டது. ஊர் ஊராகப் பெயர் சொல்லி விற்கும் இன்றைய நீண்ட பட்டியல் சுவைஞர்களின் கொண்டாட்டமாகப் பேசப்படுகிறது. அதன் அடியில் இருப்பது சுகாதாரச் சீட்டு. வேறு வழியில்லாததால் வந்த ஏற்பாடு நாளடைவில் ரசனையாகிவிட்டது.

மலிவுச் சிப்பி திரும்பி வந்துவிட்டதே என்பார்கள் சிலர். மாலை நேரச் சலுகையில் ஒரு சிப்பி ஒரு டாலர் என்று கரும்பலகையில் எழுதிப்போடும் கடைகள் நியூயார்க்கில் நிறைய உண்டு. பண்ணைச் சிப்பி பெருகியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த விலை பண்டத்தின் விலை அல்ல. குடிக்க வருபவர்களை இழுக்கக் கடை தன் கையிலிருந்து போடும் பணம். கடிகாரம் ஏழு மணியைத் தொட்டதும் முடிந்துவிடும். ஆறு சென்ட் கடை நள்ளிரவு தாண்டியும் அதே ஆறு சென்ட்டுக்கு விற்றது. உண்மையான மாற்றம் தண்ணீரில்தான் தொடங்க முடியும், அது மெதுவாகத் தொடங்கியும் இருக்கிறது. 1972-இன் தூய நீர்ச் சட்டம் வந்த பிறகும், மான்ஹாட்டன் மேற்குப் பகுதியின் கழிவு நாளுக்கு சுமார் 15 கோடி காலன் அப்படியே ஹட்சனில் கலந்துகொண்டிருந்தது. 1986-இல் நார்த் ரிவர் நிலையம் இயங்கத் தொடங்கியபின்தான் அது நின்றது. 2014-இல் தொடங்கிய பில்லியன் ஆய்ஸ்டர் திட்டம், 2035-க்குள் நூறு கோடிச் சிப்பியைத் துறைமுகத்தில் குடியேற்றப் பார்க்கிறது. உணவகங்கள் தூக்கியெறியும் ஓடுகளைச் சேகரித்து, காயவைத்து, அவற்றின்மேல் சிப்பிக் குஞ்சுகளை ஒட்டவைத்துக் கடலில் இறக்குகிறார்கள். நீர் தெளியவும் அலையின் வேகம் குறையவும் அவை உதவும். தின்ன மட்டும் தடை. நகரத்தின் பெரும் பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் இன்றும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழை பெய்தால் சுத்திகரிப்பு நிலையம் தாங்காமல் இரண்டும் சேர்ந்து துறைமுகத்தில் கொட்டும். தெருவைத் தோண்டி அந்தக் குழாய்களைப் பிரிக்க ஆகும் செலவு எந்த உணவகக் கணக்கிலும் வராது, நகராட்சி வரவு செலவில்தான் வரும். நியூயார்க்கில் சிப்பி மலிவாவதா இல்லையா என்பதும் அங்கேதான் முடிவாகும்.